ஆட்டுக்கொல்லி நோயில் ஒரு பிஎச்டி: அனுமதி முதல் வைவா வரை

கால்நடை நோய்களில் பிஎச்டி செய்ய நினைக்கும் ஜூனியர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த கிட் வாங்கலாம், எந்த ஜர்னலுக்கு அனுப்பலாம் என்றுதான். இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் ஆட்டிடம் ரத்தம் எடுப்பதற்கு முன்பே என் ஆய்வின் தலையெழுத்தில் முக்கால்வாசி எழுதியாகிவிட்டது. லேபில் செய்த வேலை மிச்சக் கால்வாசிதான். அதனால் அந்த முன்பகுதியைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன், மற்றதை வேகமாகக் கடந்துவிடுகிறேன்.

என் தலைப்பு ஆட்டுக்கொல்லி நோய், ஆய்வுக் கட்டுரைகளில் பிபிஆர் என்று வரும். மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோய் வைரஸுக்கு நெருங்கிய சொந்தம். காய்ச்சல், மூக்கில் சளி, வாயில் புண், கழிச்சல், நிமோனியா என்று ஒரு மந்தையையே படுக்கவைத்துவிடும். 1942-ல் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் முதலில் விவரிக்கப்பட்டது. இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது நம்ம ஊரில்தான், 1987-ல் விழுப்புரம் பக்கம் அரசூரில். அங்கே கிடைத்த வைரஸிலிருந்தே ‘அரசூர் 87’ என்று ஒரு தடுப்பூசியும் வந்தது. வெக்கை நோய் உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டது என்று 2011-ல் அறிவித்துவிட்டார்கள், அடுத்து இதை 2030-க்குள் ஒழிப்பதுதான் இலக்கு. இப்படி ஒரு இலக்கு இருக்கும்போது எந்த மந்தையில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, எதில் இல்லை என்று பார்ப்பது நேரடியாகப் பயன்படும் வேலை என்று என் கைடுக்கும் தோன்றியது, எனக்கும் தோன்றியது.

நான் தேர்ந்தெடுத்தது ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகளின் மந்தைகளை. இவர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர், திருவாரூர் வரை போய், அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுகிறவர்கள். ராத்திரி முழுக்க ஆடு வயலில் அடைந்து கிடந்தால் புழுக்கையும் மூத்திரமும் உரமாகும், அதற்கு வயல்காரர் பணம் கொடுப்பார். ஊர் ஊராக நகரும் மந்தை என்பதால் நோய் பரவுவதைப் படிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அதே காரணத்தால் ஆய்வாளருக்கு இதைவிடத் தலைவலியான இடமும் கிடையாது.

ஆய்வுக் குழு கூட்டத்தில் முதல் கேள்வியே எத்தனை ஆடு என்பதுதான். எல்லாரும் காப்பியடிக்கும் ஃபார்முலா ஒன்று இருக்கிறது: நோய்த்தடம் (நோயை எதிர்கொண்டதற்கு ரத்தத்தில் இருக்கும் அடையாளம்) 50 சதவீத ஆடுகளில் இருக்கும் என்று வைத்துக்கொள், 95 சதவீத நம்பகம், 5 சதவீதப் பிழை, விடை 385. அதைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஒரே கிடையில் படுத்து எழும் ஆடுகள் தனித்தனித் தகவல் தராது. ஒன்றுக்கு நோய் வந்திருந்தால் பக்கத்து ஆட்டுக்கும் வந்திருக்க வாய்ப்பு அதிகம். இதை வடிவமைப்பு விளைவு என்கிறார்கள், கணக்கு எளிதுதான். மந்தைக்குள் இருக்கும் ஒற்றுமையை 0.2 என்று வைத்துக்கொண்டு மந்தைக்கு 20 ஆடு எடுத்தால் 19-ஐ 0.2-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும், 4.8 வரும். 385-ஐ அதால் பெருக்கினால் 1848 ஆடு! அதே வேலைக்கு மந்தைக்கு 5 ஆடு என்று வைத்தால் பெருக்க வேண்டியது 1.8, ஆகவே 693 போதும். அதாவது குறைந்த மந்தையில் நிறைய ஆடு எடுப்பதைவிட, நிறைய மந்தைகளுக்குப் போய் ஆளுக்குக் கொஞ்சம் எடுப்பது லாபம். பைக்குக்குப் பெட்ரோல் கூடும், கிட் செலவு பாதிக்கு மேல் குறையும். இந்த ஒரு பக்கக் கணக்கை எழுதி வைத்திருந்ததால் அந்தக் கூட்டம் சண்டை இல்லாமல் முடிந்தது.

இந்தக் கணக்கில் என்னை உட்காரவைத்தவன் கால்நடைத் துறைக்காரனே இல்லை, துகள் இயற்பியலில் ஆராய்ச்சி செய்யும் நண்பன். தேனி பொட்டிப்புரத்தில் வருவதாக இருந்த நியூட்ரினோ ஆய்வகத்தை நம்பி அந்தத் துறைக்குள் போனவன். 50,000 டன் இரும்புக் கருவி எதிர்ப்பிலும் வழக்குகளிலும் நின்றுபோக, மதுரையில் இருக்கும் 85 டன் மாதிரிக் கருவியில் விழும் மியூவான் துகள்களை எண்ணிக்கொண்டிருந்தான். ஹிக்ஸ் துகளை 2012-ல் அறிவிக்க அவன் துறைக்காரர்களுக்கு ஐந்து சிக்மா வேண்டியிருந்தது, அதாவது வெறும் தற்செயலாக அப்படி ஒரு முடிவு வர சுமார் 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. நாங்கள் இருபதில் ஒன்றுக்கே திருப்தியாகிவிடுகிறோம் என்று கிண்டல் செய்வான். உன் ஹிக்ஸ் துகளை யாரும் ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த ஜில்லாவுக்கு ஓட்டிக்கொண்டு போவதில்லை என்று நானும் திருப்பிக் கொடுப்பேன். ஆனால் அவன் கேட்ட ஒரு கேள்வி உருப்படியானது: “உன் டெஸ்ட் எத்தனை முறை பொய் சொல்லும்?” நாங்கள் செய்யும் எலைசா என்ற ரத்தப் பரிசோதனை நூற்றுக்கு நூறு சரியில்லை, நோய்த்தடம் இருக்கும் சில ஆடுகளை விட்டுவிடும், இல்லாத சிலவற்றைப் பிடித்துக்கொள்ளும். அதைக் கழித்து உண்மையான விகிதத்தைக் கண்டுபிடிக்க எங்கள் துறையில் ரோகன்-கிளாடன் என்று 1978-லேயே ஒரு சூத்திரம் வந்துவிட்டது. அவர்கள் துறையில் கருவியின் திறனுக்காகத் தினமும் செய்யும் திருத்தமும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

அடுத்து விலங்கு நெறிமுறைக் குழு. சொந்தமாக எலி, முயல் வளர்க்கவில்லையே, கீதாரியின் ஆட்டில் கொஞ்சம் ரத்தம்தானே என்று நினைக்காதீர்கள், குழுவின் அனுமதி எண் இல்லாமல் கட்டுரையை வாங்காத ஜர்னல்கள் நிறைய. அனுமதி விண்ணப்பமான ஃபார்ம் பி-யை நிரப்பும்போது நான்கு விஷயத்தைத் தெளிவாக எழுதுங்கள். யார் ரத்தம் எடுப்பார் (பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்), எங்கிருந்து எவ்வளவு (கழுத்துச் சிரையிலிருந்து 5 மில்லி), எந்த ஆட்டைத் தொடமாட்டீர்கள், உரிமையாளருக்கு என்ன கிடைக்கும். கடைசிக் கேள்விக்குத்தான் எங்கள் குழுவில் அதிக நேரம் போனது. ‘அறிவியலுக்குப் பங்களிப்பு’ என்று எழுதியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். முடிவைத் தமிழில் ஒரு தாளில் எழுதி மந்தைக்காரர் கையில் கொடுப்போம், தடுப்பூசிக்கு அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தோடு பேசிவிடுவோம் என்று எழுதியதும் கையெழுத்து விழுந்தது. ஒப்புதல் படிவத்தையும் தமிழில், படித்துக் காட்டினால் புரிகிற மாதிரி எழுதுங்கள். எங்கள் படிவத்தில் இருந்த ‘சினை ஆட்டில் ரத்தம் எடுக்கமாட்டோம்’ என்ற ஒரு வரிதான் பல கீதாரிகளைச் சரி என்று சொல்லவைத்தது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வழக்கமான எலைசா ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். அது நோய் வந்து போனதால் உண்டானதா, ஊசி போட்டதால் உண்டானதா என்று சொல்லாது. இப்போது போடுகிற தடுப்பூசியும் உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ் என்பதால் இரண்டுமே ஒன்றுபோலத் தெரியும். ஆகவே ஊசி போட்ட விவரம் இல்லாத மாதிரி, குப்பையில் போடவேண்டிய மாதிரி. “ஊசி போட்டிருக்கா?” என்று கேட்டால் எல்லாருமே போட்டாச்சு என்பார்கள். எந்த ஊசி? துள்ளுமாரிக்கா, கோமாரிக்கா, ஆட்டுக்கொல்லிக்கா? அட்டை கிடையாது, தேதி கிடையாது.

தேதியைக் கேட்பதை விட்டுவிட்டு இடத்தைக் கேட்க ஆரம்பித்ததும் விஷயம் பிடிபட்டது. ஒரு பெரியவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: “போன மாசியில திருவாரூர்ப் பக்கம் கெடை போட்டிருந்தோம் தாயி, அப்ப டாக்டர் வந்து மூக்கு ஒழுகுற நோய்க்குன்னு போட்டாரு. இந்தக் குட்டியெல்லாம் அதுக்கப்புறம் பொறந்தது.” எந்த மாதம் எந்த வயலில் கிடை போட்டார்கள் என்பதை இவர்கள் மறக்கவே மாட்டார்கள், கூலிக் கணக்கே அதை வைத்துத்தான். அவர் சொன்ன ஊர் மருந்தகத்தின் பதிவேட்டைப் பார்த்தால் தேதியும் ஊசியின் பெயரும் கிடைத்தன. பிறகு பல்லைப் பார்த்து வயது. இன்னும் பால்பல் விழாத, ஆறு மாதம் தாண்டிய, ஊசி போட்ட பிறகு பிறந்த குட்டிகளைத் தனியாகப் பிரித்தேன். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு வடிந்திருக்கும், ஊசியும் போட்டிருக்காது, ஆக அதன் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருந்தால் வைரஸ் அங்கே உலவியிருக்கிறது என்றுதான் அர்த்தம். என் ஆய்வேடு நிற்பது அந்தக் குட்டிகளின் மேல்தான்.

களத்தில் செய்த மற்ற வேலை எல்லாம் உடம்பு அலுப்புதான். பட்டி திறப்பதற்கு முன் போய்விட வேண்டும், வெயில் ஏறினால் ஆடு மேய்ச்சலுக்குப் போய்விடும், பிடிக்க முடியாது. ரத்தக் குழாயை உறையும்வரை ஆட்டாமல் சாய்த்து வையுங்கள், ஐஸ் மேல் நேரடியாக வைக்காதீர்கள், செவ்வணு உடைந்து சீரம் சிவந்துவிடும். கிடையிலிருந்து யூனிவர்சிட்டி வரை பைக்கில் குலுக்கிக்கொண்டு போவதைவிடப் பக்கத்து ஊர் மருந்தகத்திலேயே சென்ட்ரிஃப்யூஜ் கேட்டுச் சீரத்தைப் பிரித்துவிடுவது மேல். ஃப்ரீசர் ஈரத்தில் சாதா மார்க்கர் எழுத்து அழிந்துவிடும், அதற்கென்று இருக்கும் லேபிள் வாங்குங்கள்.

லேபைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முக்தேஸ்வரத்தில் உருவாக்கிய போட்டி எலைசா கிட்தான் பயன்படுத்தினேன், கொட்டேஷன், பர்ச்சேஸ் ஃபைல் என்று கிட் கைக்கு வர ஆன காலத்தில் பாதிகூட டெஸ்டுக்கு ஆகவில்லை. உதவித்தொகை வருவதும் அப்படித்தான். ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) 37,000 ரூபாய் என்று சொன்னதும் வீட்டில் மாதச் சம்பளம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அது மாதாமாதம் வராது, வரும்போது மொத்தமாக வரும். கையில் கொஞ்சம் இருப்பு இல்லாமல் களவேலையைத் தொடங்காதீர்கள்.

கட்டுரையை அனுப்பியபோது ஒரு மதிப்பாய்வாளர் எதிர்பார்த்ததையே கேட்டார்: ஊசியா, நோயா, எப்படிப் பிரித்தீர்கள்? குட்டிகளின் அட்டவணையையும் மருந்தகப் பதிவேட்டோடு ஒப்பிட்ட முறையையும் அனுப்பியதும் மறுபேச்சு இல்லை. இன்னொருவர் ஆங்கிலத்தைத் திருத்தச் சொன்னார், அது எப்போதும் சொல்வதுதான். பிறர் எழுத்தைக் காப்பியடித்திருக்கிறோமா என்று பார்க்கும் ஒற்றுமைச் சோதனையில் ஆய்வேடு 10 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். செய்முறை அத்தியாயம்தான் மாட்டும், எலைசா செய்வதை எத்தனை விதமாகத்தான் எழுதுவது! கிட் கையேட்டை அப்படியே எடுத்துப் போடாமல், நீங்கள் செய்த வரிசையில் உங்கள் வார்த்தையில் எழுதினால் இறங்கிவிடும்.

வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் சுற்றி வளைக்கவில்லை. வெக்கை நோயை ஒழித்தாயிற்று, இதை ஏன் இன்னும் முடியவில்லை என்றார். மாடு வருஷக்கணக்கில் வாழும், ஒருமுறை போட்ட ஊசி வெகுகாலம் மந்தையைக் காக்கும். ஆடு அப்படியில்லை, வருஷா வருஷம் மந்தையில் பெரும்பகுதி கறிக்குப் போய்ப் புதுக்குட்டி வந்துவிடும், அதனால் போன வருஷம் போட்ட ஊசியின் பாதுகாப்பு இந்த வருஷ மந்தையில் வெகுவாகக் குறைந்திருக்கும், மந்தை நகர்ந்துகொண்டே வேறு இருக்கும் என்றேன். அப்படியானால் எப்போது போடச் சொல்வாய் என்றார். கீதாரிகளுக்குக் கொடுத்த தாளில் எழுதியதையே சொன்னேன்: டெல்டாவுக்குக் கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால், மூன்று நான்கு மாதம் தாண்டிய எல்லாக் குட்டிக்கும், மந்தை சொந்த ஊரில் இருக்கும்போதே. அந்தத் தாளையும் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்க்கச் சொன்னார். சேர்த்துத்தான் ஆய்வேடுகளுக்கான இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏற்றியிருக்கிறார்கள், வேண்டுகிறவர்கள் அங்கிருந்து எடுத்து ஊர் பெயரை மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.