பில்லில் நசுங்கிய காளை

மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் ஒருவருக்காக நான் முதலில் வரைந்த இலச்சினையில் (லோகோவில்) காளை, செக்கு, எள்ளுப்பூ, அகல் விளக்கு ஆகிய நான்கும் இருந்தன. போதாக்குறைக்கு, ஓரம் வெளிறிக்கொண்டே போகும் தங்க நிற வட்டம் ஒன்றும் அவற்றைச் சூழ்ந்திருந்தது. கணினித் திரையில் அது கண்ணைப் பறித்தது, கடைக்காரருக்கும் பிடித்துப்போனது. சில வாரங்கள் கழித்துக் கடைக்குப் போனபோது, பில் இயந்திரம் துப்பிய தாளை என் முன் நீட்டி, “தம்பி, பூச்சிய நசுக்கி வெச்ச மாதிரி இருக்குதுங்க” என்றார். அவர் சொன்னதில் மிகையில்லை. தங்க வட்டம் கருந்திட்டாகிக் காளையை விழுங்கியிருந்தது. லேபிளின் நிலையும் மோசம்தான், ஏனெனில் வழக்கமான நான்கு வண்ண அச்சில் தங்கத்தின் மினுமினுப்பு வராது. அதற்குத் தனி மையோ, பளபளக்கும் உலோகப் படலமான ஃபாயிலோ வேண்டும். தவறு முழுவதும் என்னுடையது.

அன்றிலிருந்து எந்த இலச்சினையையும் கறுப்பு மையில், கட்டைவிரல் நக அளவில்தான் வரையத் தொடங்குகிறேன். பாரத ஸ்டேட் வங்கியின் சின்னத்தை எண்ணிப் பாருங்கள். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் வடிவமைத்து 1971-இல் புழக்கத்துக்கு வந்த அது, ஒரு நீல வட்டமும் நடுவே சாவித்துளையும் மட்டுமே. பாஸ்புத்தகத்தில் விழும் ரப்பர் ஸ்டாம்பிலும், நெடுஞ்சாலையோரப் பெயர்ப் பலகையிலும் அது ஒன்றுபோலவே தெரிகிறது. 2017-இல் துணை வங்கிகள் இணைந்தபோது பெயர் எழுதும் முறை மாறியது, வட்டத்தை விட்டுவிடவில்லை.

தமிழில் பெயர் எழுதும்போது வேறொரு சிக்கல் உண்டு. ஆங்கில எழுத்துகளை மட்டுமே வைத்து வடிவமைப்பைக் கற்றவர்கள் இதில் தடுக்கி விழுவதை அடிக்கடி பார்க்கிறேன். ‘எண்ணெய்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம்: அதில் இரண்டு மூன்றுசுழி ணகரங்களும் இரண்டு புள்ளிகளும் ஒரு கொம்பும் இருக்கின்றன. தடித்த எழுத்துருவில் சிறிய அளவில் அச்சிட்டால் சுழிகளுக்குள் மை அடைத்துக்கொள்ளும். புள்ளியோ கீழே உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது காணாமல் போய்விடும். ஆகவே கிடைத்த எழுத்துருவை அப்படியே போடாமல் சுழிகளின் உள்வெளியைச் சற்றுத் திறந்து, புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கி மேலே தூக்கி வைத்து, அந்தச் சொல்லை மட்டும் கையால் திருத்தி வரைந்துகொள்கிறேன். நீளமான பெயரை ஒரே வரியில் இழுத்து நிறுத்துவதைவிட இரண்டு வரியாக அடுக்குவது பாட்டிலின் வளைவுக்கும் பொருந்துகிறது.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘சுத்தமான செக்கு எண்ணெய்’ போலப் பொருளை விவரிக்க மட்டும் செய்யும் பெயரை 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவுசெய்வது கடினம். பதிவுக்காகப் பொருள்களை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள், அதில் சமையல் எண்ணெய் 29-ஆம் வகுப்பில் வருகிறது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். அந்த வகுப்பில் அதே பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று வரைவதற்கு முன்பே தேடிப் பார்த்துவிடுவது செலவைக் குறைக்கும்.

இலச்சினை முடிந்தாலும் அடையாளம் முடிந்துவிடுவதில்லை. 2009-இல் அமெரிக்காவில் டிராப்பிகானா ஆரஞ்சுச் சாறு தன் பெட்டியிலிருந்து, உறிஞ்சுகுழல் குத்திய ஆரஞ்சுப் பழத்தை எடுத்துவிட்டு ஒரு கண்ணாடிக் குவளையை வைத்தது. வாங்குவோர் எதிர்த்ததால், இரண்டு மாதத்துக்குள் பழைய பெட்டிக்கே திரும்புவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. கடை அலமாரியில் அவர்களுடைய கண் தேடியது அந்தப் பழத்தைத்தான்.

எங்கள் கடைக்காரருக்காக மறுபடி வரைந்ததில் செக்கு உரலும் சாய்ந்த உலக்கையும் மட்டும் மிஞ்சின. நிறம், செங்காவி ஒன்றே. மூடி, லேபிள், பில், துணிப்பை என நான்கிலும் அதே வடிவமும் அதே நிறமும் வர வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதி, நிற எண்களையும் குறித்து, அச்சகத்துக்கும் ஃப்ளெக்ஸ் கடைக்கும் கொடுத்தேன். காளையை மட்டும் அவரால் விட முடியவில்லை. பொங்கல் காலண்டரில் அதை முழுப் பக்கத்துக்கு வரைந்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.