வரவர, போகப்போக, படிப்படியாக

மெதுவாக நிகழும் மாற்றத்தைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல இருந்தாலும், அவை வேகத்தின் அளவில் ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபடுவதில்லை. பேசுகிறவர் எங்கே நின்று அந்த மாற்றத்தைப் பார்க்கிறார் என்பதில்தான் வேறுபடுகின்றன. "வரவர வெயில் தாங்க முடியவில்லை" என்பவர், பழைய கோடைகளிலிருந்து கிளம்பிய ஒன்று இன்று தம் தலைமேல் வந்து நிற்பதாகப் பேசுகிறார். "போகப்போகச் சரியாகிவிடும்" என்பவரோ, இன்றைய இடத்திலிருந்து முன்னே நீளும் நாட்களைப் பார்க்கிறார். "கதை போகப்போக விறுவிறுப்பானது" என்று நடந்து முடிந்ததைச் சொல்லும்போதும், சொல்கிறவர் கதையோடு கூடவே நடந்துபோனார் என்ற குறிப்பு அதில் இருக்கிறது.

"வரவர" என்பதில் பெரும்பாலும் ஒரு குறைகூறல் ஒட்டிக்கொண்டிருக்கும். "வரவர மாமியார் கழுதை போல ஆனாளாம்" என்ற பழமொழியில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் நையாண்டியும் போய்விடும். "வரவர நன்றாகச் சமைக்கிறாய்" என்று பாராட்டுவதற்கும் தடையில்லை; ஆனால் கேட்கிறவர் நேற்றுவரை தாம் சமைத்ததைப் பற்றி ஒரு கணம் யோசிக்கத்தான் செய்வார். இதே வாவும் போவும் துணைவினைகளாக வரும்போதும் இந்தக் குணத்தை விடுவதில்லை. "நிலத்தடி நீர் குறைந்து வருகிறது" என்பது அறிக்கை எழுதுகிறவரின் நிதானமான வாக்கியம். "குறைந்துகொண்டே போகிறது" என்றால், கிணற்றை எட்டிப் பார்த்தவரின் கவலை.

"படிப்படியாக" என்ற சொல் இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. படி என்றால் எண்ணக்கூடியது. அதைக் கட்டிய ஆள் ஒருவர் இருக்க வேண்டும். ஆகவே திட்டமிட்ட மாற்றத்துக்கே இது முழுமையாகப் பொருந்தும். அரசியல் அறிவிப்புகளுக்கு இது விருப்பமான சொல்லாக இருப்பதில் வியப்பில்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. அளித்த வாக்குறுதி, மதுவிலக்கைப் படிப்படியாகக் கொண்டுவருவோம் என்பது. மே 23 அன்று மீண்டும் முதல்வராகப் பொறுப்பேற்ற ஜெயலலிதா, 500 டாஸ்மாக் கடைகளை மூடவும், கடை திறக்கும் நேரத்தைக் காலை 10 மணியிலிருந்து பகல் 12 மணிக்குத் தள்ளவும் அன்றே ஆணையிட்டார். 2017 பிப்ரவரியில் முதல்வரான எடப்பாடி பழனிசாமி மேலும் 500 கடைகளை மூடுவதாக அறிவித்தார். 2023 ஜூனில் தி.மு.க. ஆட்சியில் இன்னும் 500 கடைகள் மூடப்பட்டன. ஒவ்வொரு படியையும் நாம் எண்ண முடிந்தது. மொத்தம் எத்தனை படிகள் என்பதை அந்தச் சொல் எந்த நாளும் சொன்னதில்லை. அதனாலேயே "கட்டம் கட்டமாக" என்பதை நான் இதைவிடச் சற்று நேர்மையானதாகக் கருதுகிறேன். எத்தனையாவது கட்டம் என்ற கேள்வியையாவது அது கூடவே அழைத்து வருகிறது.

"சிறுகச் சிறுக" என்பதற்கு அளவு வேண்டும். பணம் சேரும், கடன் தீரும், நஞ்சு ஏறும். "நாளடைவில்", "காலப்போக்கில்" ஆகிய இரண்டிலும் செய்பவர் எவருமில்லை. "நாளடைவில் பழகிவிட்டது" என்று ஒரு மனிதர் தம் வாழ்வைப் பற்றிச் சொல்லலாம். காலப்போக்கு அதைவிட நீண்டது, தலைமுறைகளுக்கு உரியது என்றே என் காதில் விழுகிறது.

வினைச்சொற்களுக்கு வந்தால் தமிழ் இன்னும் கறாராகிவிடுகிறது. துணி நைகிறது, கயிறு இற்றுப்போகிறது, இலை மட்குகிறது, நிறம் மங்குகிறது, குளம் வற்றுகிறது. எல்லாமே மெதுவான அழிவுதான் என்றாலும் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்னும்போது, தேய்வதற்கு உராய்கிற இன்னொரு பொருள் தேவைப்படுகிறது; வற்றுவதற்கு அப்படி எதுவும் வேண்டியதில்லை. காய்ச்சல் தணியும், புண் ஆறும். சூடான பால் ஆறவும் செய்யும். யாழ்ப்பாணத்தில் "ஆறுதலாக வாங்கோ" என்றால் அவசரப்படாமல் வாருங்கள் என்று பொருள்.

வளர்ச்சியைச் சொல்லும் வினைகளில் "முற்றுதல்" விசித்திரமானது. தேங்காய் முற்றினால் சமையலுக்கு நல்லது, கத்தரிக்காய் முற்றினால் வீண், நோய் முற்றினால் ஆபத்து. பயன்படுத்துகிறவரின் தேவையைப் பொறுத்தே அதன் நன்மையும் தீமையும் அமைகின்றன. "கனிதல்" அப்படியல்ல, பழமானாலும் மனமானாலும் காலமானாலும், கனிந்தது என்று சொல்லிவிட்டால் அது நல்லதற்கே.

மொழியின் மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது இந்தச் சார்பு வெளிப்படையாகவே தெரிகிறது. கோயம்புத்தூர் கோவையானதையும் புதுச்சேரி புதுவையானதையும் இலக்கணம் மரூஉ (வழக்கில் திரிந்து நிலைத்த சொல்) என்று ஏற்றுக்கொண்டு, இலக்கணமுடையது, இலக்கணப்போலி ஆகியவற்றுடன் இயல்பு வழக்கிலேயே சேர்த்துவிட்டது. அதே நாக்கு, அதே சோம்பலில் "இருக்கிறது" என்பதை "இருக்கு" என்று சுருக்கினால், அதற்குக் கொச்சை என்றும் சிதைவு என்றும் பெயர். ஒலிகள் உதிர்ந்த விதத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு எதையும் நான் காணவில்லை. முன்னதைப் புலவர்கள் எழுதினார்கள், பின்னதை எல்லாரும் பேசுகிறோம்.