சம்பா வயல் நாட்குறிப்பு: இலைச்சுருட்டுப் புழுவும் நானும்

அக்டோபர் 14
மாப்பிள்ளைச் சம்பா நடவு முடிந்தது. பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டைப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதிருந்தோம். அடியுரம் அவ்வளவுதான்.

அக்டோபர் 19
மலைப் பக்கம் உயிராற்றல் வேளாண்மை (கோள்களின் நிலையையும் கணக்கில் எடுக்கும் பயோடைனமிக் முறை) செய்யும் நண்பர் போனில் பேசினார். பசுக்கொம்பில் சாணத்தை அடைத்துப் புதைக்க இதுதான் பருவமாம். மாசி வாக்கில் தோண்டி எடுத்து, தண்ணீரில் ஒரு மணி நேரம் இடமும் வலமுமாகச் சுழற்றிக் கலக்கித் தெளிக்க வேண்டும். 1924-இல் ஆஸ்திரியச் சிந்தனையாளர் ருடால்ஃப் ஸ்டைனர், இன்று போலந்தில் இருக்கும் கோபெர்விட்ஸில் சொல்லித்தந்த முறை. புதைக்கும் குழியில் தண்ணீர் தேங்கக் கூடாது. திருத்துறைப்பூண்டிக் களிமண்ணில், ஐப்பசி அடைமழையில், எந்தக் குழியில் தேங்காது? கோள்களின் கணக்கிலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மண்ணை உயிராகப் பார்க்கும் அவருடைய அக்கறையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 8
மழை விட்டதும் இலைச்சுருட்டுப் புழு. இலைகள் நீளவாக்கில் மடிந்து, பச்சையம் சுரண்டப்பட்டு, வெள்ளை வெள்ளையாகத் தெரிகின்றன. "என்ன மாப்ள, பார்த்துக்கிட்டே நிக்கிறீங்க? இன்னைக்கே மருந்து அடிச்சிடுங்க" என்றார் மாமா. கடன் வாங்கிச் சாகுபடி செய்கிறவர், அவர் பதற்றம் நியாயமானது. ஆனால் பக்கத் தண்டுகள் விட்டுத் தூர் கட்டும் பருவத்தில் இலை கொஞ்சம் போனாலும் பயிர் புது இலை விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். 1990-களில் வியட்நாமின் மேக்கோங் டெல்டா விவசாயிகள், விதைத்த முதல் 40 நாள் இந்தப் புழுவுக்கு மருந்தே அடிக்காமல் விட்டுப் பார்த்தார்கள். விளைச்சல் குறையவில்லை. அதற்கும் முன்னால், 1986-இல், நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி பெருகியபோது இந்தோனேசிய அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடை செய்தது. புகையானைத் தின்னும் சிலந்திகளை அந்த மருந்துகள் அழித்துக்கொண்டிருந்தன. என் வயலில் சிலந்தி நிறைய இருக்கிறது. அதை இழக்க நான் தயாராக இல்லை.

நவம்பர் 9
காலையில் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பயிர் மேல் கயிறு இழுத்தோம். மடிப்பு விரிந்து புழுக்கள் தண்ணீரில் விழுகின்றன. பறவை தாங்கிகளும் நட்டாயிற்று, கரிச்சான் உடனே வந்து உட்கார்ந்தது. "இதுவும் தலையிடறதுதானே அண்ணா?" என்று தங்கை கேட்டாள். ஆமாம். வரப்புப் போட்டு, தண்ணீர் கட்டி, ஒரே பயிரை நட்ட இடத்தில் நான் எதிலும் கை வைக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கயிறு சிலந்தியைக் கொல்வதில்லை.

நவம்பர் 16
ஜப்பானின் ஷிகோகு தீவில், இயற்கை வேளாண்மை முன்னோடி மசனோபு ஃபுகுவோகா தன் அப்பாவின் ஆரஞ்சுத் தோப்பைக் கவாத்து செய்யாமல் அப்படியே விட்டார். கிளைகள் பின்னி, பூச்சி ஏறி, மரங்கள் பட்டுப்போயின. வெட்டிப் பழக்கிய மரத்தைத் திடீரென விடுவது கைவிடுவதுதான் என்று அவரே பிறகு விளக்கினார். யூரியாவை ஒரே போகத்தில் நிறுத்தச் சொல்லி மாமாவை நான் வற்புறுத்தாததும் இதனால்தான். அவர் மண் பல ஆண்டுகளாக அதையே நம்பியிருக்கிறது. பசுந்தாள் உரத்தில் தொடங்கி, அப்புறம் மெல்லக் குறைக்கலாம்.

நவம்பர் 27
புது இலைகள் சுத்தமாக வருகின்றன. கிழக்கு ஓரத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் மடிப்பு. மாமா வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அடுத்த போகத்துக்கு முன்னால் ஒரு மா நிலத்தில் தக்கைப்பூண்டு போடலாமா என்று கேட்டார். விதை என் பொறுப்பு என்றேன்.