ராத்திரி மின்னின கடம்பாவும் லக்ஸ் ஜீனும்

சின்ன வயசுல காசிமேட்டுல ஆயா வாங்கினு வந்த கடம்பாவ (கணவாய்) கழுவாம வெச்சிட்டாங்க, நடுராத்திரி கரண்ட் வேற போச்சு, தண்ணி குடிக்க எழுந்து பாத்தா பாத்திரத்துல லேசா நீலமா மினுக்கினு கீது. ஆயா "இன்னாடா இது, பேய் கீய் பூந்துச்சா"ன்னு அப்படியே கொண்டுபோய் கொட்டிட்டாங்க.

பேய் இல்ல ஆயா, பாக்டீரியா. காலேஜ் வந்தப்புறம்தான் புரிஞ்சது.

1983ல எங்கப்ரெக்ட், நீல்சன், சில்வர்மேன்னு மூணு பேரு விப்ரியோ ஃபிஷரின்னு கடல்ல வெளிச்சம் விடுற பாக்டீரியாவோட டிஎன்ஏவ துண்டு துண்டா வெட்டி இ.கோலைங்குற இன்னொரு பாக்டீரியாவுக்குள்ள போட்டு, எந்த காலனி (பாக்டீரியா கூட்டம்) வெளிச்சம் விடுதுன்னு தேடினாங்க. சுமார் 9,000 எழுத்து நீளத்துல ஒரே ஒரு துண்டு, அது உள்ள போனதும் குடல்ல கிடக்குற சாதா இ.கோலையும் மின்ன ஆரம்பிச்சிடுச்சு! வெளிச்சத்துக்கு வேணுங்குற ஜீன் மொத்த செட்டும் பக்கத்து பக்கத்துலயே இருந்துச்சு, அதான் லக்! அந்த ஜீனுங்க பேரு லக்ஸ் (லக்ஸ்னா சோப்பு இல்லப்பா, லத்தீன்ல வெளிச்சம்).

லக்ஸ் ஏ, பி ரெண்டும் சேந்து வெளிச்சம் உண்டாக்குற லூசிஃபெரேஸ் என்சைம பண்ணும், சி, டி, ஈ அதுக்கு எரிபொருளா ஆல்டிஹைட் ரெடி பண்ணும், ஆக்சிஜனும் வேணும். எனக்கு புடிச்சது லக்ஸ் ஐ, ஆர் ஜோடிதான். ஐ ஒரு சிக்னல் மாலிக்யூல வெளிய விடும், கூட்டம் சேந்து சிக்னல் ஏறினாதான் ஆர் சுவிட்ச் போடும். தனியா இருந்தா கம்முனு கெடக்கும், கும்பல் சேந்தா கெத்து காட்டும், நம்ம ஏரியா பசங்க மாதிரியே.

அந்த கடம்பாவுல இருந்தது இதே இனமான்னு இப்ப சொல்ல முடியாது, ஆயாதான் கொட்டிட்டாங்களே.