ஆறு வருடம் வாய் திறக்காதவளை எழுதியது

ஜெர்மானிய நாட்டார் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் 49ஆவது கதை 'ஆறு அன்னங்கள்'. மாற்றாந்தாய் ஒருத்தி மந்திரச் சட்டைகளை வீசி ஆறு சகோதரர்களை அன்னங்களாக்கிவிடுகிறாள். தப்பித்த ஒரே சகோதரி அவர்களை மீட்க வேண்டுமென்றால் ஆறு வருடம் பேசக் கூடாது, சிரிக்கவும் கூடாது. அதற்குள் நட்சத்திரப் பூக்களால் ஆறு சட்டைகள் தைத்து முடிக்க வேண்டும். ஒரு சொல் தவறி வந்தாலும் செய்த வேலை அத்தனையும் வீண். கடைசி நாளில் அவளை எரிக்க விறகு அடுக்கியிருக்கும்போது அன்னங்கள் பறந்து வருகின்றன. சட்டைகளை எறிகிறாள், ஆறு பேரும் மனிதர்களாகிறார்கள். ஆனால் ஆறாவது சட்டைக்கு இடது கைப்பகுதி இல்லை. அதனால் இளையவனுக்கு இடது கை இருக்க வேண்டிய இடத்தில் அன்னத்தின் சிறகு தங்கிவிடுகிறது. எல்லோரும் பல்லாண்டு மகிழ்ச்சியாக வாழ்ந்தார்கள் என்று கதை முடிகிறது.

ஒற்றைச் சிறகோடு அவன் எப்படி வாழ்ந்தான்? இந்தக் கேள்விக்காகத்தான் இதை இளையோருக்கான ஃபேண்டஸி நாவலாக எழுத உட்கார்ந்தேன். சிண்டரெல்லாவையும் ஸ்னோ ஒயிட்டையும் நான் தொடாததற்குக் காரணம் அவை பழகிப்போனவை என்பதல்ல. அவற்றிடம் கேட்க என்னிடம் கேள்வி இருக்கவில்லை. பழைய கதையை மறுபடி எழுத நினைப்பவர் யாராக இருந்தாலும், அந்தக் கதை பதில் சொல்லாமல் விட்ட ஒரு கேள்வி மனதை அரிக்காதவரை தொடங்க வேண்டாம் என்பேன். அது இல்லாமல் எழுதினால் உடையும் ஊரும் மட்டும் மாறும், கதை மாறாது.

முதலில் செய்தது வாசிப்பு. நாட்டார் கதைகளை வகைப்படுத்தும் ஆர்னே–தாம்சன்–ஊதர் அட்டவணையில் இந்தக் கதை 451ஆவது வகை. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் உறவுக்காரக் கதைகள் வரிசையாக வந்து நிற்கும். கிரிம் தொகுப்பிலேயே 'பன்னிரண்டு சகோதரர்கள்' இருக்கிறது. அதில் மௌனம் ஏழு வருடம். 'ஏழு காக்கைகள்' கதையில் சாவியைத் தொலைத்த பெண் தன் விரலையே வெட்டிக் கதவைத் திறக்கிறாள். 1838இல் டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் எழுதிய 'காட்டு அன்னங்கள்' கதையில் சகோதரர்கள் பதினொரு பேர். பூவுக்குப் பதிலாகத் தொட்டால் எரியும் செடியின் நாரில் சட்டை பின்ன வேண்டும். எல்லாவற்றையும் அருகருகே வைத்துப் படித்தபோது எது எலும்பு, எது தசை என்பது எனக்குத் தெளிவானது. எண்ணிக்கை மாறுகிறது, பறவை மாறுகிறது, வில்லி மாறுகிறாள். பறவையாகிப்போன சகோதரர்களும் அவர்களுக்காக ஒருத்தி தன்னை வருத்திக்கொள்வதும் மாறவே இல்லை.

உரிமை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரிம் கதைகள் யாருக்கும் பொதுச்சொத்து. 1884இல் வந்த மார்கரெட் ஹண்ட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அப்படியே. அண்மைக்கால மொழிபெயர்ப்புகளும் திரைப்படங்கள் சேர்த்த பெயர்களும் காட்சிகளும் பொதுச்சொத்து ஆகா. ஸ்னோ ஒயிட் கதையில் வரும் ஏழு குள்ளர்களுக்கு கிரிம் தொகுப்பில் பெயரே கிடையாது. அதனால் மூலத்தைத் தவிர வேறெதிலிருந்தும் ஒரு பொத்தானைக்கூட எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

மூலத்தில் கைவைக்கலாமா என்ற தயக்கத்தை கிரிம் சகோதரர்களே போக்கினார்கள். 1812இல் வந்த முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்வது பெற்ற தாய். அடுத்த பதிப்பில் அவள் மாற்றாந்தாயாகிவிட்டாள். கோபுரத்தில் அடைபட்டிருக்கும் ரபுன்ஸெல் முதல் பதிப்பில், தான் கர்ப்பமாக இருப்பது தெரியாமல், என் உடைகள் ஏன் இறுக்கமாகிக்கொண்டே போகின்றன என்று வெள்ளந்தியாகக் கேட்டு அகப்பட்டுக்கொள்வாள். அந்தக் கேள்வியையும் பின்னர் எடுத்துவிட்டார்கள். 1857இல் வந்த ஏழாம் பதிப்பு வரை இப்படித் திருத்திக்கொண்டே இருந்தார்கள். யாருக்காகச் சொல்கிறோம் என்பது மாறும்போது கதையும் மாறியிருக்கிறது.

பேசாத நாயகியை வைத்துக்கொண்டு ஒரு நாவல் முழுக்க எப்படி நடத்துவது? எழுதும் நண்பர்கள் நிறைய யோசனை சொன்னார்கள். மனதோடு மனம் பேசும் சக்தியைக் கொடுத்துவிடு என்றார் ஒருவர். சட்டை தைப்பதை விட்டுவிட்டு வாளைக் கொடு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும் என்றார் இன்னொருவர். இரண்டையும் மறுத்தேன். அவளுடைய வீரமே அந்த ஊசியில்தான் இருக்கிறது. வாள் பிடித்தால்தான் வலிமையான பெண் என்று சொல்லும் கதைகள் ஏற்கெனவே ஏராளம். கடினமான விதியை எளிதாக்கினால் பிறகு மீட்பதற்கு எதுவும் மிஞ்சாது.

ஆனால் விதியில் இருக்கும் ஓட்டைகளை இளம் வாசகர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். வாயால்தானே பேசக் கூடாது, எழுதிக் காட்டினால் என்ன? மூலக்கதை இதற்கு வாய் திறப்பதில்லை. நான் விதியை இப்படி வகுத்துக்கொண்டேன்: குரல் எழவே கூடாது; சாபத்தைப் பற்றி எழுத்திலோ சைகையிலோ எந்த வழியிலும் சொல்லக் கூடாது; மற்ற விஷயங்களில் தலையாட்டலாம், சுட்டிக்காட்டலாம், மறுக்கலாம். இந்த ஒற்றை முடிவு நான் எதிர்பார்க்காத இன்னொரு முடிச்சையும் அவிழ்த்தது. மூலத்தில் ஓர் அரசன், தன் வேட்டைக்காரர்கள் மரத்தின் மேல் கண்டுபிடித்துக் கொண்டுவந்த அவளிடம், தெரிந்த மொழிகளிலெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டு, பதில் வராதபோதும் அழைத்துப்போய்ச் சில நாட்களில் மணந்துகொள்கிறான். சம்மதம் சொல்ல வழியில்லாத பெண்ணுக்குத் திருமணம் நடப்பதை பதினைந்து வயது வாசகர் முன்னால் அப்படியே வைக்க எனக்கு மனம் வரவில்லை. என் விதியில் அவளால் 'இல்லை' என்று தலையசைக்க முடியும். அசைக்கிறாள். அவன் காத்திருக்கிறான். திருமணம் நாவலுக்குள் வரவே இல்லை.

திருமணம் போனதும் குழந்தைகளும் போய்விட்டார்கள். மூலத்தில் அரசனின் தாய் அவளுடைய மூன்று குழந்தைகளை ஒவ்வொன்றாகத் திருடி, தூங்குபவளின் வாயில் இரத்தம் பூசி, பெற்ற பிள்ளையைத் தின்றுவிட்டாள் என்று பழி சுமத்துகிறாள். தன்னைக் காத்துக்கொள்ள ஒரு வார்த்தை போதும், அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லக் கூடாது. இந்த நெருக்கடியை இழக்க முடியாது. நெடுநாள் யோசித்து, காணாமல் போவது இளம் அரசனின் சின்னத் தம்பி தங்கைகள் என்று மாற்றினேன். அவர்களை ஒளித்துவைப்பது அவர்களைப் பெற்ற தாயேதான். அப்படி எழுதிய பிறகே மூலத்தில் கண்ணில் படாமல் கிடந்த ஒன்றைப் பார்த்தேன். கதையின் தொடக்கத்தில் நாயகியின் தந்தையும் தன் ஏழு பிள்ளைகளைக் காட்டுக்குள் இருக்கும் கோட்டையில் ஒளித்துவைக்கிறான். புது மனைவிக்குப் பயந்து வைக்கிறான். மந்திர நூலுருண்டை வழிகாட்ட, ரகசியமாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். பிள்ளைகள் தொலைந்த பிறகு அவனைப் பற்றிப் பேச்சே இல்லை!

இது எனக்குக் கோபம் தந்தது, இப்போதும் தருகிறது. சூனியக்காரி, மாற்றாந்தாயாக வந்த அவள் மகள், அரசனின் தாய் என்று கதையின் கெட்டவர்கள் எல்லோரும் பெண்கள். காட்டில் வழி தவறியபோது தன் உயிருக்காக சூனியக்காரியின் மகளை மணக்க ஒப்புக்கொண்ட அந்தத் தந்தையிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. என் நாவலில் அவன் திரும்ப வருகிறான். மகள் பேச முடியாத காலத்தில் அவள் எதிரே உட்கார்ந்து நியாயங்களை அடுக்கிக்கொண்டே போகிறான். அவள் தைத்துக்கொண்டே இருக்கிறாள். புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் அதுதான்.

யார் சொல்வது என்பதையும் விதிகளே முடிவு செய்தன. சகோதரர்கள் ஒவ்வொரு மாலையும் கால் மணி நேரம் மட்டும் இறகு உதிர்த்து மனிதராக இருக்கலாம் என்கிறது மூலம். அதனால் இளையவன் சொல்லும் அத்தியாயங்கள் அந்தக் கால் மணி நேரத்துக்குள் அடங்குபவை. வாக்கியம் பாதியில் இருக்கும்போதே இறகு முளைத்துவிடும், அத்தியாயம் அறுந்துவிடும். அவளுடைய அத்தியாயங்கள் நீண்டு போகின்றன. வெளியே பேச முடியாதவளுக்கு உள்ளே பேச்சு நிற்பதில்லை. சாபம் நீங்கிய பிறகு இது தலைகீழாகிறது.

பூவும் இப்படித்தான் உதவியது. நட்சத்திரப் பூ என்று மட்டும்தான் மூலத்தில் இருக்கிறது. நான் அதை ஆஸ்டர் வகையாக எடுத்துக்கொண்டேன். ஐரோப்பியக் காடுகளில் அவற்றில் பல கோடையின் இறுதியிலும் இலையுதிர் காலத்திலும் பூப்பவை. ஆக, வருடத்துக்கு ஒரு பருவம், ஒரு சட்டை. நாவல் தானாகவே ஆறு பாகங்களாகப் பிரிந்தது. கெடு முடியும் நாள் ஆறாம் வருடத்தின் பூக்காலத்துக்கு நடுவில் விழும்படி வைத்தேன். கடைசிச் சட்டைக்கு ஏன் ஒரு கை இல்லை என்பதற்கு மூலம் தராத காரணம் எனக்குக் கிடைத்துவிட்டது: அவள் சோம்பவில்லை, இன்னும் பூக்கவில்லை.

முடிவில் விறகுக் குவியல் இருக்கிறது. மூலத்தில் அவள் முதன்முதலாகப் பேசுவது தன் குற்றமின்மையைச் சொல்லத்தான். பிறகு மாமியாரை அதே இடத்தில் கட்டி எரித்துவிடுகிறார்கள். என் நாயகி பேசும் முதல் சொல் 'வேண்டாம்'. அரசனின் தாயான கிழவியைக் கட்ட வரும் காவலர்களைப் பார்த்துச் சொல்கிறாள். வரைவைப் படித்த பதின்ம வயதினரில் சிலருக்கு இது பிடிக்கவில்லை, கிழவி தப்பிக்கக் கூடாது என்று கடுமையாக வாதாடினார்கள். அவர்களுக்காக ஒரு விசாரணைக் காட்சி சேர்த்தேன். ஒளித்துவைக்கப்பட்ட மூன்று பிள்ளைகளும் தாய்க்கு எதிரே நின்று நடந்ததைச் சொல்கிறார்கள். வாதாடியவர்கள் அதைப் படித்துவிட்டு, இது எரிப்பதைவிடக் கடுமையானது என்றார்கள்.

சிறகைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். அடுத்த பருவத்தில் பூப் பறித்து அந்தக் கையையும் தைத்துக் கொடுத்துவிடலாமே என்று பதிப்பாசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி, வாசகர்களும் கேட்பார்கள். அதனால் அதையே காட்சியாக்கினேன். தங்கை பூக்கூடையோடு வந்து நிற்கிறாள், அண்ணன் வேண்டாம் என்கிறான். மற்ற ஐவரும் பறந்த காலத்தை மறக்கத் துடிக்கிறார்கள். அவனுக்கு மறக்க விருப்பமில்லை. குளிரில் சிறகு வலிக்கிறது, சட்டைக்குள் அடங்க மறுக்கிறது, சந்தையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். இவற்றையெல்லாம் மழுப்பாமல் எழுதிய பிறகுதான் அவனுடைய மறுப்பு நம்பும்படி ஆனது. உடலில் ஒரு வேறுபாட்டோடு வாழும் இளம் வாசகர் இந்தப் பக்கங்களைப் படித்தால் 'சரிசெய்யப்பட வேண்டியவன்' என்ற எண்ணம் அவருக்கு வந்துவிடக் கூடாது என்பதில் மிகுந்த கவனம் எடுத்துக்கொண்டேன்.

பதிப்பாசிரியர் அந்தக் காட்சியை ஏற்றுக்கொண்டார், புத்தகம் இப்போது மெய்ப்புத் திருத்தத்தில் இருக்கிறது. அடுத்ததாக 31ஆவது கதையை எடுத்திருக்கிறேன், 'கையற்ற பெண்'. தந்தை தன் உயிருக்குப் பயந்து மகளின் கைகளை வெட்டிவிடுகிறான். பல வருடத் துயரத்துக்குப் பின், அவளுடைய பக்திக்காக இறையருளால் கைகள் மறுபடி வளர்கின்றன. அந்தக் கைகள் என் நாவலில் வளரப்போவதில்லை. அவளுக்கு அரசன் வெள்ளியில் கைகள் செய்து கொடுப்பதாக நடுவில் ஓர் இடம் வருகிறது. எடை, கீல், விரல் மடங்கும் விதம் என்று அந்த வெள்ளிக் கைகள் எப்படி இயங்கும் என்பதைத்தான் இப்போது எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.