மணிக்கட்டு தொங்கினால்: ஐ.வி.ஐ.ஜி. வரை போகும் வழி

ஒரு கை மட்டும் வலுவிழந்து, மணிக்கட்டு தொங்கி, மரத்துப்போதல் எதுவும் இல்லாமல் மாதக்கணக்கில் மோசமானால், பலர் காதில் முதலில் விழுவது மோட்டார் நியூரான் நோய் என்ற பெயர்தான். அதை ஏற்கும் முன் மல்டிஃபோகல் மோட்டார் நியூரோபதி இல்லையென்று உறுதி செய்தாக வேண்டும். இதில் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே தசையை இயக்கும் நரம்புகளைத் தாக்குகிறது; ஐ.வி.ஐ.ஜி. என்ற மருந்துக்கு, அதாவது பிறர் ரத்தத்திலிருந்து பிரித்து ரத்தக்குழாய் வழியே ஏற்றும் எதிரணுக்களுக்கு, கட்டுப்படும்.

முடிவு சொல்வது நரம்புக் கடத்தல் சோதனை: நரம்பை மின்சாரத்தால் தூண்டி, தசையில் எழும் அலையை அளப்பது. மணிக்கட்டு, முழங்கையோடு நிறுத்தினால் போதாது. அக்குள், கழுத்தெலும்பின் மேல்புறம் வரை தூண்டிப் பார்க்க வேண்டும். சைகை நரம்பில் பாதி வழியில் நின்றுபோகும் தடை மேலே இருந்தால், கீழே மட்டும் பார்த்த ரிப்போர்ட்டில் அது தெரியாது. மேலே தூண்டும்போது வரும் அலை, கீழே தூண்டும்போது வந்ததில் பாதி அளவுக்கும் குறைந்தால் தடை உறுதி. ஏசியில் கை சில்லிட்டிருந்தால் அளவு பிசகும். சூடாக்கிய பிறகே செய்யச் சொல்லுங்கள். இந்த நோயில் ரத்தத்தில் தேடும் ஜிஎம்1 எதிரணு இல்லையென்று வந்தாலும் நோய் இல்லையென்று ஆகாது. பலருக்கு அது இருப்பதே இல்லை.

ஸ்டீராய்டு இங்கே வேண்டாம். பலன் இல்லை, சிலருக்கு வலு இன்னும் குறையும்.

தசை வற்றிய கையில் அனிச்சை துள்ளுகிறது, நாக்கு துடிக்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது மோட்டார் நியூரான் நோயின் முக்கிய வகையான ஏ.எல்.எஸ். பக்கம். அங்கும் தண்டுவடத்தில் மைக்ரோகிளியா என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் கொதித்துத்தான் கிடக்கின்றன, ஆனால் ஐ.வி.ஐ.ஜி. அதை அடக்குவதில்லை. அழற்சியைக் குறைக்கும் என்று நம்பிய மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், 2007இல் வெளியான சோதனையில் நோயை வேகப்படுத்தியது. ஏ.எல்.எஸ். என்றால் இந்த மருந்துகளுக்காக நகையை அடகு வைக்காதீர்கள்.

தடை உறுதியானால் ஐ.வி.ஐ.ஜி. முதல் சுற்று, உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம். 60 கிலோ எடைக்கு 120 கிராம். ஐந்து நாளாகப் பிரித்தால் தினம் 24 கிராம், 10 சதவீதக் கரைசலில் 240 மி.லி. அதற்கு முன்பே கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), ஐஜிஏ (ஒரு வகை எதிரணு), மஞ்சள் காமாலை வைரஸ் சோதனைகளுக்கு ரத்தம் எடுத்துவிட வேண்டும். பிறகு எடுத்தால் மருந்தில் வந்த எதிரணுக்களே முடிவைக் குழப்பும். பாட்டிலைக் குலுக்கக் கூடாது, நுரைக்கும். முதல் அரை மணி நேரம் மணிக்கு 30 மி.லி. வேகம், பிறகு மெல்லக் கூட்டலாம். தலைவலி பெரும்பாலும் வேகத்தாலும் தண்ணீர் குறைவாலும் வருவது. கால் வீங்கி வலித்தாலோ மூச்சு திணறினாலோ ரத்தக்கட்டாக இருக்கலாம். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

சுற்றுக்கு முன்பும், பின் வாரம் ஒருமுறையும் கைப்பிடி வலுவை அளந்து தேதியோடு எழுதுங்கள். பலன் சில வாரங்களில் தேயும். தேயத் தொடங்கும் நாளை வைத்துத்தான் டாக்டர் அடுத்த சுற்றின் தேதியைக் குறிப்பார்.