வலமிருந்து இடமாக ஒரு கதை

எங்கள் நகரி வீட்டுக் கூடத்தில், நான் பிறப்பதற்கு முன்பே வாங்கிய காளஹஸ்திக் கலம்காரித் துணி ஒன்று தொங்குகிறது. நடுவில் பெரிதாக ராமர் பட்டாபிஷேகமும், சுற்றிலும் கட்டங்கட்டமாக ராமாயணமும், கட்டத்துக்கு ஒரு வரி தெலுங்குமாக அமைந்த அந்தத் துணியை வைத்துத்தான் படத்தைக் கதையாகப் படிக்க அம்மா எனக்குக் கற்றுக்கொடுத்தார். சென்ற மாதம், ஒசாகாவில் வேலை பார்க்கும் அத்தை மகன் ஜப்பானியப் படச்சுருள் ஒன்றின் அச்சுப் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தான். பழக்கதோஷத்தில் அதைப் பாயில் விரித்து இடப்பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கினேன், ஒன்றும் விளங்கவில்லை. அது வலமிருந்து இடமாகச் செல்வது.

எமாகி எனப்படும் இந்தச் சுருளை இடக்கையால் விரித்துக்கொண்டே, பார்த்து முடித்ததை வலக்கையால் சுருட்ட வேண்டும். இரண்டு கைகளுக்கும் இடைப்பட்ட இரண்டடி அகலம் மட்டுமே ஒரு நேரத்தில் கண்ணுக்குக் கிடைக்கும். கலம்காரியில் கதை முழுவதும் ஒரே பார்வையில் விரிந்து கிடக்க, இங்கே அடுத்து வருவது சுருளுக்குள் மறைந்திருக்கிறது. என்னிடம் வந்த 'பான் தைநாகோன்' சுருள், கியோத்தோ அரண்மனையின் ஓத்தென்மோன் வாயில் 866-இல் எரிந்த கதையைச் சொல்வது. 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரையப்பட்டு, இன்று 3 சுருள்களாகத் தோக்கியோவின் இதெமித்சு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் முதலில் ஓடும் மனிதர்கள் வருகிறார்கள். பிறகு அண்ணாந்து பார்க்கும் கூட்டம். அதற்கும் பிறகுதான் கரும்புகையும் நெருப்பும். எதற்காக ஓடுகிறார்கள் என்பதை நம் கை விரித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

என்னை அதிகம் ஈர்த்தது சிறுவர் சண்டைதான். இரண்டு பையன்கள் கட்டிப் புரளுகிறார்கள். ஒருவனின் தந்தை பாய்ந்து வருகிறார். அவரே அடுத்தவன் மகனை எட்டி உதைக்கிறார். தாய் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறாள். இவை அனைத்தும் இடையில் ஒரு கோடுகூட இல்லாமல், ஒரே தெருவில் வட்டமாகச் சுழல்கின்றன. பாய்ந்து வருபவரும் உதைப்பவரும் வேறு வேறு ஆட்களோ என்று நான் தயங்கியபோது அம்மா எட்டிப் பார்த்து, "ரெண்டும் ஒரே ஆள்தாண்டா. நம்ம துணியில ராமர் எத்தனை எடத்துல நிக்கிறார்!" என்றார். உதை வாங்கிய பையனின் தந்தையோ, வாயிலுக்குத் தீ வைத்தவரைக் கண்ணால் கண்ட காவலர். அதுவரை பயந்து வாய் திறக்காதிருந்த அவர், மகன் அடிபட்ட ஆத்திரத்தில் உண்மையைத் தெருவிலேயே கொட்டிவிட, தீ வைத்த பெரிய அமைச்சரான பான் தைநாகோன் நாடு கடத்தப்படுகிறார்.

ஓடும் கோடுகளால் ஆன இந்தப் பாணிக்கு நேர்மாறானது, ஜப்பானின் பழைய நாவலான 'கெஞ்சி கதை'யைப் படமாக்கிய, அதே நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த கெஞ்சி கதைச் சுருள். யமாதோ-எ என்னும் உள்நாட்டு ஓவிய மரபுக்கே முதன்மையான எடுத்துக்காட்டாக அதைத்தான் காட்டுகிறார்கள். மையால் வரைந்து, அதை அடர்த்தியான வண்ணத்தால் மூடி, மேலே மறுபடியும் மையால் கோடிடும் முறைக்கு ட்சுகுரி-எ என்று பெயர். வீட்டின் கூரையைப் பெயர்த்துவிட்டு, மேலிருந்து அறைக்குள் பார்ப்பதாக வரைவார்கள். முகமோ எல்லோருக்கும் ஒன்றுதான்: கண்ணுக்கு ஒரு கோடு, மூக்குக்கு ஒரு கொக்கி. அப்படியானால் துயரத்தை எங்கே காட்டுவது? நாயகன் கெஞ்சியின் மனைவி முராசாகி இறக்கும் தறுவாயில் இருக்கும் காட்சியைப் பாருங்கள். தாழ்வாரம் செங்குத்தாகச் சரிகிறது. தோட்டத்து இலையுதிர்காலப் புற்கள் காற்றில் வளைகின்றன. முகங்களில் ஒரு சுருக்கமும் இல்லாத அந்தப் படத்தில் அவ்வளவு பெரிய பிரிவு இருக்கிறது. அழுகையை முகத்தில் வரைவதைவிட இது கடினமான கலை என்றே நான் நினைக்கிறேன்.

நகோயாவின் தோக்குகாவா அருங்காட்சியகத்திலுள்ள கெஞ்சிச் சுருள்களை, பாதுகாப்புக் கருதி 1932-இல் தனித்தனித் தாள்களாகப் பிரித்துத் தட்டையாக்கினார்கள். அண்மையில் மீண்டும் சுருள்களாகவே சேர்த்துவிட்டார்கள். என் பிரதிக்கும் சட்டம் போட்டுக் கலம்காரிக்குப் பக்கத்தில் மாட்டலாம் என்று அத்தை மகன் சொன்னான். நான் ஒப்பவில்லை. அது பீரோவில், சுருட்டியபடியே இருக்கிறது. அம்மா கேட்கும்போது பாயில் விரிக்கிறோம்.